ஒற்றைப் படகும் ஜோடிப் படகும்

கட்டுமரம் என்ற நம் சொல்தான் உலகமெல்லாம் சுற்றி, பந்தயப் படகுக்குப் பெயராகி, மீசையை மழித்துக்கொண்டு கேட்டமரான் என்று திரும்பி வந்திருக்கிறது. இரண்டு ஒல்லி உடல், நடுவே உட்கார ஒரு வலை, மேலே பாய். கடற்கரைப் படகுக் கிளப் ஒன்றில் இதில் இரண்டு வகுப்பு உண்டு. ஒருவர் ஓட்டுவது ஒற்றைப் படகு, இருவர் ஓட்டுவது ஜோடிப் படகு. எதிர்காற்றில் எது வேகம் என்று கேட்டால் போதும், கிளப்பே இரண்டாகப் பிரிந்து அடித்துக்கொள்ளும்.

அவளுக்கு அந்தச் சண்டையில் அக்கறை இல்லை. அவள் கவலை வேறு.

"ரெண்டையும் எதிர்காத்துல ஓட்டிப் பாத்துடுவோம். ரெண்டு ஓட்டத்துலயும் ஒத்தப் படகு முந்திட்டா, அடுத்த சீசன் நான் அதுக்கு மாறிடுறேன். உன்கிட்டக் கத்துறதாவது மிச்சம்" என்று கணவர் சொல்லிவிட்டார். கிளப்பில் அவருக்குக் கேப்டன் என்று பட்டப்பெயர்.

வாரம் முழுக்க அவருக்கு இரவு வேலை, அவளுக்குப் பகல் வேலை. வீட்டுச் சாவி கைமாறும்போது பேசினால்தான் பேச்சு. ஞாயிற்றுக்கிழமை ஜோடிப் படகில் அவர் பின்னால் சுக்கான் பிடிப்பார், அவள் முன்னால் கயிறு இழுப்பாள், அவர் கத்துவார், அவள் முறைப்பாள். அவர்களுடைய குடும்ப வாழ்க்கை என்பதே அதுதான். அதுவும் போய்விட்டால்?

முதல் ஓட்டம் மென்காற்றில் நடந்தது. கேப்டன் ஓட்டிய ஒற்றைப் படகு இறகு மாதிரி போய்விட்டது. ஜோடிப் படகில் அன்று கயிறு அவள் தம்பி கையில், சுக்கான் அவள் கையில். துறைக்கு வெளியே அவள் சுக்கான் பிடித்ததே இல்லை. தோற்றுத்தான் திரும்பினார்கள்.

இரண்டாவது ஓட்டத்துக்குள் காற்று கூடிவிட்டது. காற்று வரும் பக்கம் ஆரஞ்சு மிதவை. எந்தப் பாய்மரப் படகும் காற்றுக்கு நேராகப் போக முடியாது. ஒரு தரம் இடமாக, ஒரு தரம் வலமாகத் திரும்பித் திரும்பித்தான் ஏற வேண்டும். கேப்டன் படகின் மூக்கோ ஏறக்குறைய மிதவையை நோக்கியே இருந்தது. அதைக் கண்டதும் பதறிப்போய் அவளும் தன் மூக்கைக் காற்றுக்குள் திருப்பினாள். பாய் படபடத்தது. படகு சோர்ந்துபோனது.

"அக்கா, மாமாவைப் பாக்காத! பாயைப் பாரு!"

"அவரு நேராப் போறாருடா!"

"போகட்டும். அவ்வளவு நேராப் போனா வேகம் வராது. நீ மூக்கைக் காத்தை விட்டு இறக்கு."

மூக்கை இறக்கினால் அவரை விட்டு விலகிப் போக வேண்டும். அவரைப் பிடித்துவைக்க வந்த நாளில் அவருக்கே முதுகைக் காட்டிக்கொண்டு ஓடுவதா? பதறாத காரியம் சிதறாது என்று சொல்லிவைத்தவர் சுக்கான் பிடித்துப் பார்த்திருக்க மாட்டார். பல்லைக் கடித்துக்கொண்டு சுக்கானைத் தன் பக்கம் இழுத்தாள்.

பாய் காற்றை வாங்கியது. படகின் ஒரு பக்கம் தண்ணீரை விட்டு எழும்ப, அது கவிழாமல் இருக்க அக்காவும் தம்பியும் பாய்மரக் கம்பியில் வெளியே தொங்கினார்கள். படகு பாய்ந்தது. கேப்டனின் பாய் தூரத்தில் சிறுத்துக்கொண்டே போனது. அவள் திரும்பவில்லை. பார்த்தால் கை தானாக அந்தப் பக்கம் போகும் என்று அவளுக்குப் பயம்.

அத்தனை காற்றை அடக்கக் கேப்டன் ஒருவர் எடை போதவில்லை. பாயைத் தளர்த்தித் தளர்த்தி ஓட்டினார். இரண்டு படகும் திரும்பி எதிரெதிரே வந்தபோது ஜோடிப் படகு அவருக்கு முன்னால் குறுக்கே கடந்தது, மிதவையையும் முதலில் சுற்றியது. தம்பி ஊளையிட்டான். இனி அவர் எங்கேயும் போகமாட்டார் என்று அவள் அப்போதுதான் மூச்சு விட்டாள்.

கரையில் கேப்டன் முகமெல்லாம் சிரிப்பாக வந்தார்.

"என்னமா ஓட்டுற! உன்னைப் போய் முன்னாடி உக்கார வச்சு இத்தனை வருஷம் கத்தியிருக்கேனே, நான் ஒரு மடையன். அந்த ஜோடிப் படகு இனிமே உன்னோடது. நீயும் தம்பியும் ஓட்டுங்க. நான் இந்த ஒத்தப் படகுலயே இருந்துக்குறேன்."

தோற்றாலும் போவார், ஜெயித்தாலும் போவாரா?

"நான் ஜெயிக்கவா ஓட்டினேன்? நீங்க என்கூட இருக்கணும்னுதாங்க ஓட்டினேன்."

தம்பி, "பாயை மடிக்கணும்" என்று யாரும் கேட்காத காரணத்தைச் சொல்லி நழுவினான். கேப்டன் அவள் பக்கத்தில் வந்து நின்றார்.

"அப்போ முன்னாடி உக்காந்து கயிறு இழுக்கப்போறது நானா?"

"ஆமா."

"கத்துவியா?"

"கத்துவேன்" என்றாள். சொல்லும்போதே அழுதுவிட்டாள்.