நீச்சத்தண்ணி

தீவிர சிகிச்சைப் பிரிவின் கதவைத் தள்ளிக்கொண்டு மைத்ரேயி வெளியே வந்ததும் பாண்டீஸ்வரி ஓடிவந்தாள். அவள் அம்மா மாயக்காளுக்கு நேற்று பித்தப்பையை எடுக்க லேப்ராஸ்கோப்பி நடந்தது. மயக்க மருந்து கொடுத்தவள் மைத்ரேயி. சின்னத் துளைதான், மறுநாளே ஆனையூருக்குத் திரும்பிவிடலாம் என்று சொல்லியிருந்தார்கள். மாயக்காளோ நுரையீரலில் நீர் கோத்து, மாஸ்க் வழியாக மூச்சு விட்டுக்கொண்டு கிடந்தாள்.

"டாக்டரம்மா, நான்தான் கெடுத்துட்டேன். முந்துன ராத்திரி ஒண்ணும் குடுக்கக் கூடாதுன்னாங்க. தாகமா இருக்குன்னு அம்மா கெஞ்சுச்சு. பழைய சோத்து நீச்சத்தண்ணி ஒரு செம்பு குடுத்துட்டேன். அம்புட்டும் நெஞ்சுல கோத்துக்கிருச்சு."

பின்னால் வந்த சர்ஜன் கிருஷ்ணபிரசாத் காதில் இது விழுந்தது. "சொன்னா கேட்டாத்தானே?" என்று சொல்லிவிட்டுப் போனார்.

அந்தத் தண்ணீர் எப்போதோ சிறுநீராகப் போயிருக்கும் என்று மைத்ரேயிக்குத் தெரியும். நேற்று அறுவைக்காக வயிற்றுக்குள் வாயு நிரப்பியதும் ரத்த அழுத்தம் இறங்கியது. நரம்பில் நீர் ஏற்றினால் பலன் இருக்குமா என்று கணித்துச் சொல்லும் எண், மானிட்டரில் மேலே போய், ஏற்றலாம் என்றது. வயிறு உப்பியிருக்கும்போது அந்த எண்ணை அப்படியே நம்பக் கூடாது, வாயுவைக் கொஞ்சம் இறக்கிப் பார்க்க வேண்டும் என்று ஜூனியர்களுக்குப் பாடம் நடத்துபவளே மைத்ரேயிதான். ஆனால் போன வாரம் வாயுவை இறக்கச் சொல்லிக் கேட்டதற்கு, "பயமா இருந்தா சொல்லுங்க மேடம், வேற ஆளை வச்சுக்கறேன்" என்று எல்லோர் முன்னாலும் கிருஷ்ணபிரசாத் சிரித்திருந்தார். அதனால் நேற்று வாயைத் திறக்கவில்லை. பாட்டில் மேல் பாட்டிலாக நீர் ஏற்றினாள்; அதுதான் நுரையீரலில் கோத்திருந்தது.

இப்போது காது மடல் வரை வெட்கம் சுட்டது. பாண்டீஸ்வரி பழியைத் தன் தலையில் போட்டுக்கொண்டதும் ஒரு கணம் நிம்மதியாக இருந்ததே, அதுதான் பெரிய வெட்கக்கேடு.

"அதனால இல்லம்மா" என்றாள்.

"பெறகு எதுனால டாக்டரம்மா?"

"உள்ள வாங்க. அம்மாவைப் பாக்கலாம்."

மூச்சு சற்றுத் தேறியிருந்ததால் நர்ஸ் மாஸ்க்கைக் கழற்றியிருந்தாள். மாயக்காளின் உதடுகள் வெடித்திருந்தன. "ஒரு வாய் தண்ணி குடுடி" என்றாள் மகளிடம்.

"ஒரு ஸ்பூன் குடுக்கலாம்" என்று நர்ஸ் தண்ணீரை மகளிடம் நீட்டினாள்.

பாண்டீஸ்வரி இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டாள். "நான் மாட்டேன். என் கையால இனிமே குடுக்கவே மாட்டேன்."

மைத்ரேயி ஸ்பூனை வாங்கினாள். "பாண்டீஸ்வரி, நேத்து நான்..." என்று தொடங்கினாள். அவள் பக்கம் திரும்பியதில் ஸ்பூன் சரிந்து தண்ணீர் போர்வையில் சிந்தியது. மாயக்காள் வாயைத் திறந்தபடி காத்திருந்தாள்.