ஏணிக்காரர் வாங்கிய ஐந்து மூக்குக்கண்ணாடிகள்

அடுத்தவர் ரசீதைப் படிப்பதில் கணக்கக்காவுக்குத் தனி ருசி உண்டு. கணவரின் ஜெராக்ஸ் கடையில், பெரிய மெஷினுக்கும் சுவருக்கும் நடுவே ஒரு மேஜை போட்டுக்கொண்டு, பன்னிரண்டு வருஷமாக வரிப் படிவம் நிரப்பிக் கொடுக்கிறாள். தையல்காரர், டாக்ஸி ஓட்டுகிறவர், வீட்டிலேயே கேக் செய்து விற்கிறவர் என்று சொந்தக் காலில் நிற்கிற ஜனங்கள்தான் அவளிடம் வருவார்கள். ஒருவர் வருஷம் முழுக்க என்னென்ன வாங்கினார் என்று பார்த்தால் போதும், அவர் வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்து ஒரு மணி நேரம் பேசிவிட்டு வந்த மாதிரி அவளுக்கு எல்லாம் விளங்கிவிடும்.

"நீ வரி பாக்குறியா, வம்பு பாக்குறியா?" என்பார் ஜெராக்ஸ்காரர்.

"ரெண்டுக்கும் பில்லு ஒண்ணுதானே," என்பாள்.

கடைசித் தேதிக்கு நாலு நாள் இருக்கும்போது ஏணிக்காரர் வந்தார். ஜன்னல் துடைக்கிறவர். நாற்பது வயசு இருக்கும். போன வருஷம்வரை ஒரு கம்பெனியில் இருந்தார். வரியெல்லாம் அவர்களே பிடித்துக் கட்டிவிடுவார்கள். இப்போது சொந்தமாக ஒரு ஏணி, ஒரு வேன். வருமானத்தைத் தானே கணக்குப் பார்த்துத் தானே எழுதி அனுப்ப வேண்டும் என்று கடிதம் வந்ததிலிருந்து மனுஷருக்குத் தூக்கமில்லை.

"அக்கா, ரெண்டாம் மாடி விளிம்புல நின்னாக்கூடக் கால் நடுங்காது. இந்த ஃபாரத்தப் பாத்தா நடுங்குது," என்று ஒரு துணிப்பையை மேஜையில் வைத்தார்.

பைக்குள் ஒரு வருஷம் கசங்கிக் கிடந்தது. அக்கா ஒவ்வொன்றாக நீவி அடுக்கினாள். பெட்ரோல் ஒரு பக்கம், சோப்புத் தண்ணீர் ஒரு பக்கம், ரப்பர் பட்டை, கயிறு, இடுப்பு பெல்ட் ஒரு பக்கம். எல்லாம் ஒழுங்காகத்தான் இருந்தன. அப்புறம் அந்த ஐந்து பில் வந்தன.

ஐந்தும் ஒரே மூக்குக்கண்ணாடிக் கடை. ஐந்தும் வேறு வேறு பவர். வாங்கியவர் பேர் எழுத வேண்டிய இடத்தில் பேர் இல்லை. 'அறை 24', 'அறை 21', 'அறை 26', 'அறை 19', 'அறை 3' என்று எழுதியிருந்தது.

அக்கா நிமிர்ந்து ஏணிக்காரர் முகத்தைப் பார்த்தாள். அவர் கண்ணாடி போட்டிருக்கவில்லை. எதிர்ச் சுவரில் எறும்பு ஊர்ந்தால்கூட எண்ணிச் சொல்லுவார் போலிருந்தது.

"தம்பி, இது என்ன?"

அவர் காது சிவந்துவிட்டது. "அது... தொழில் செலவுதான்க்கா."

"ஜன்னலுக்கா கண்ணாடி மாட்டுனீங்க?"

"கேட்டா சிரிப்பீங்க."

"சிரிக்கிறேனோ அழுறேனோ, நீங்க சொன்னாத்தான் எழுத முடியும்," என்று நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டாள். மெஷின் பக்கத்தில் ஜெராக்ஸ்காரரும் காகிதம் எண்ணுவதை நிறுத்திவிட்டார்.

விஷயம் இதுதான். கடைத்தெருவில் ஒரு முதியோர் இல்லம். மாசம் ஒரு தடவை ஜன்னல் துடைக்க ஒப்பந்தம். அறையில் இருக்கிறவர் திருப்தி இல்லை என்றால் காசு வாங்காமல் மறுபடி துடைக்க வேண்டும் என்பது ஷரத்து. இருபத்துநாலாம் அறையில் ஓய்வுபெற்ற நர்ஸம்மா ஒருத்தர். நாற்பது வருஷம் வார்டையே ஆட்டிப்படைத்த குரல். 'தம்பி, ஜன்னல்ல மூடுபனி நிக்குது, துடைச்ச லட்சணமா இது?' என்று நாலு தடவை திரும்பக் கூப்பிட்டுவிட்டார்.

"அஞ்சாவது தடவ எனக்குச் சந்தேகம் வந்துச்சுக்கா. ஜன்னலயே கழட்டித் திறந்து வச்சேன். நடுவுல கண்ணாடியே இல்ல, வெறும் காத்து. 'இப்ப எப்படிம்மா இருக்கு?'ன்னு கேட்டேன். 'இன்னும் அழுக்காத்தான் இருக்கு'ன்னாங்க."

ஜெராக்ஸ்காரர் வாய்விட்டுச் சிரித்தார். அக்கா சிரிக்கவில்லை. "அப்புறம்?"

நர்ஸம்மாவின் பழைய கண்ணாடி எட்டு வருஷத்துக்கு முந்தியது. இல்லத்து ஆபீஸில் சொன்னால், கமிட்டி கூடித்தான் முடிவு செய்ய வேண்டும் என்றார்கள். கமிட்டி கூடுவதற்குள் இன்னும் பத்துத் தடவை ஏணி ஏற வேண்டியிருக்கும். ஆகவே ஏணிக்காரரே சக்கர நாற்காலியைத் தள்ளிக்கொண்டு நாலு கடை தள்ளியிருந்த கண்ணாடிக் கடைக்குக் கூட்டிப்போய்த் தன் காசில் வாங்கிக் கொடுத்தார். கடைக்காரர் அவசரத்தில் பேருக்குப் பதில் அறை எண்ணையே எழுதிவிட்டார். அதைப் பார்த்து, ஜன்னல் அழுக்கு என்று புகார் சொல்லிக்கொண்டிருந்த மற்ற அறைக்காரர்களும் ஒவ்வொருவராக வந்தார்கள்.

அக்கா பேனாவை மூடி வைத்தாள். தொழிலுக்கென்றே செய்த செலவைக் கழிக்கலாம். தர்மத்தைக் கழிக்க முடியாது. இது எந்தப் பக்கம் சேரும்? வரி அலுவலக உதவி எண்ணுக்குப் போன் போட்டாள். எடுத்தவர் ஒரு இளம் பெண் அதிகாரி.

"மூக்குக்கண்ணாடியா? ஜன்னல் துடைக்கிறவரா? ஒரு நிமிஷம்ங்க," என்று போனவர் ஆறு நிமிஷம் கழித்து வந்தார். "அதனால அவருக்கு வேலை மிச்சமாச்சு, இல்ல புது வேலை வந்துச்சுன்னு காட்ட முடிஞ்சா எழுதலாம். கூட ஒரு விளக்கக் குறிப்பு வைங்க. சும்மா குடுத்ததா இருந்தா எழுதாதீங்க."

புது வேலை என்றதும் அக்காவின் கை தானாக வரவுக் காகிதங்கள் பக்கம் போனது. நர்ஸம்மாவின் கண்ணாடி பில்லுக்குச் சரியாகப் பத்தொன்பதாவது நாள் ஒரு பல் ஆஸ்பத்திரியின் முதல் பணம் வந்திருந்தது. அதற்கப்புறம் மாசாமாசம்.

"இந்த ஆர்டர் எப்படி வந்துச்சு?"

"அவங்களே போன் பண்ணாங்க."

"உங்க நம்பர் அவங்களுக்கு எப்படித் தெரியும்?"

"கேக்கலையேக்கா."

"கேக்கலையா?" இப்படியும் ஒரு மனுஷன் இருப்பானா என்று அவளுக்கு ஆற்றாமையாகிவிட்டது. "ஆஸ்பத்திரி எங்க இருக்கு?"

"இல்லத்துக்கு நேர் எதிர்ல."

அக்கா செருப்பை மாட்டிக்கொண்டாள். வேனில் போக ஐந்து நிமிஷம்.

பல் ஆஸ்பத்திரியின் வரவேற்பு மேஜையில் இருந்த பெண், கேள்வி முடிவதற்குள் பெருமூச்சு விட்டாள். "அந்தம்மாவா! தினம் காலைல ஒன்பது மணிக்குப் போன் வரும். 'உங்க ரெண்டாவது மாடி ஜன்னல்ல புறா எச்சம் காய்ஞ்சு கிடக்கு, வாய சுத்தமா வச்சுக்கச் சொல்ற இடம் இப்படியா இருக்கிறது?'ம்பாங்க. ஒன்பதாவது நாள் டாக்டரே எடுத்துப் பேசினாரு. அவங்கதான் இவர் நம்பரக் குடுத்தாங்க."

அங்கிருந்து நேரே தெருவைக் கடந்து இருபத்துநாலாம் அறைக்குப் போனார்கள். நர்ஸம்மா ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தார். அக்கா வந்த காரணத்தைச் சொன்னதும் கண்ணாடியை மூக்கில் சரிசெய்துகொண்டு, அவளை ஏற இறங்கப் பார்த்தார்.

"கண்ணு தெரிஞ்ச அன்னைக்கே அந்த எச்சம்தான் மொதல்ல தெரிஞ்சுது. சொல்லாம இருக்க முடியுமா? இருபத்தொண்ணாம் ரூம்காரர் சும்மா இருந்தாரா? பக்கத்து பெயிண்ட் கடைக்காரனப் பிடிச்சாரு. பத்தொன்பதுலயும் இருபத்தாறுலயும் இருக்கறவங்க சேந்து அந்த பேங்க்காரன விடல."

பெயிண்ட் கடையும் வங்கியும் ஏணிக்காரருடைய வரவுப் பட்டியலில் இருந்தன. அதிர்ஷ்டம் என்று நினைத்திருந்தாராம்.

"இத எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தருவீங்களாம்மா?"

"பேனா குடு," என்றார் நர்ஸம்மா. தன் கையாலேயே எழுதினார், இரண்டு பக்கத்துக்கு. புறா எச்சத்துக்கே ஒரு பத்தி.

கடைக்குத் திரும்பி வந்ததும் அக்கா உற்சாகமாகப் படிவத்தைத் திறந்தாள். விளம்பரச் செலவு என்ற கட்டத்தில் ஐந்து பில்லையும் கூட்டிப் போட ஆரம்பித்தபோது ஏணிக்காரர் கையை நீட்டி ஒன்றை இழுத்துக்கொண்டார். அறை 3.

"இது வேணாங்க்கா."

"ஏன்?"

"அது கீழ்த்தளத்து ரூம். அந்த ஐயா ஒரு நாளும் புகார் சொன்னதில்ல. அவர் ஜன்னலுக்கு எதிர்ல சுவர்தான் இருக்கு. கடையும் இல்ல, தெருவும் இல்ல. அவரால எனக்கு ஒரு வேலையும் வரல, வரவும் வராது."

"பின்ன ஏன் வாங்கிக் குடுத்தீங்க?"

"மத்தவங்க எல்லாம் போட்டுட்டுத் திரிஞ்சாங்க. அவர் மட்டும் 'எனக்கு எதுக்குப்பா, சுவருதானே'ன்னாரு. எனக்கு ஒரு மாதிரியாப் போச்சு." அவர் பில்லை நாலாக மடித்தார். "அந்தச் சுவத்துல ஒரு கொடி ஏறுதுக்கா. நான் துடைக்கப் போறப்பல்லாம் புதுசா எத்தன இலை வந்திருக்குன்னு சொல்லுவாரு."

அக்கா நாலு பில்லை மட்டும் கூட்டிப் போட்டாள். குறிப்பில், 'வாங்கியது ஐந்து, கழிவு கோருவது நான்கு' என்று உள்ளதை உள்ளபடி எழுதி, நர்ஸம்மாவின் கடிதத்தையும் ஸ்கேன் செய்து சேர்த்து அனுப்பினாள். வேனுக்கும் ஏணிக்கும் கழிவு உண்டு என்பதே ஏணிக்காரருக்குத் தெரிந்திருக்கவில்லை. அதையும் போட்டதில், அவர் பயந்திருந்ததில் பாதிதான் வரி வந்தது. கடைசித் தேதிக்கு முன்னால், வெள்ளிக்கிழமையே கட்டிவிட்டார்.

ஐந்து வாரம் கழித்து அக்காவின் போன் அடித்தது. அதே இளம் அதிகாரி.

"படிவம் ஏத்துக்கிட்டாச்சுங்க. கடிதம் தபால்ல வரும்." கொஞ்சம் தயங்கினார். "ஒண்ணு கேக்கலாமா? ஃபைலுக்கு இல்ல, சும்மா எனக்காக. அஞ்சுல ஒண்ண ஏன் விட்டுட்டீங்க?"

கணக்கக்கா சௌகரியமாக நாற்காலியில் சாய்ந்துகொண்டு, சுவரில் ஏறுகிற கொடியிலிருந்து ஆரம்பித்தாள்.