கியரும் பிஸ்கட்டும்

1

இந்தக் கதை எனக்குத் தோன்றியதல்ல. என்னிடம் கேட்டு வாங்கப்படுவது. இணையத்தில் பத்திரிகை நடத்தும் நண்பர் ஒருவர் பழைய வீடியோ கேம் பெட்டிகளுக்கு ஒரு சிறப்பிதழ் போடுகிறாராம். 'உங்களுக்கு மிகவும் பிடித்த ஜாய்ஸ்டிக் எது, ஏன்?' என்று எழுநூறு சொற்களில் எழுதித் தரவேண்டும். 2018ஆம் வருஷத்தில் தமிழ் இலக்கியத்தின் முன்னால் இதைவிட அவசரமான கேள்வி வேறெதுவும் இல்லை என்பதால் உடனே ஒப்புக்கொண்டேன்.

ஒப்புக்கொண்ட பிறகுதான் சின்ன இடைஞ்சல் ஒன்று நினைவுக்கு வந்தது. நான் வாழ்க்கையில் வீடியோ கேம் ஆடியதில்லை. பத்து வயதிலிருந்து என்னிடம் ஒரு ஜாய்ஸ்டிக் இருந்தது வாஸ்தவம். அதைச் செருகுவதற்கான பெட்டிதான் இல்லை. கார் இல்லாத வீட்டில் ஸ்டியரிங் மட்டும் இருந்தது.

அது எப்படி என்னிடம் வந்தது என்று சொன்னால் சிறப்பிதழுக்குப் போதும் என்று நினைக்கிறேன். முதல் வரிக்கு மூன்று முயற்சிகள்:

'சுக்கு மணக்கும் மட்டாஞ்சேரித் தெருக்களில்...' அங்கே குடியிருந்தவர்களுக்குச் சுக்கு மணந்ததில்லை. தும்மல்தான் வந்தது. அடித்துவிட்டேன்.

'சீதாலக்ஷ்மிக்கும் வாஞ்சிநாதனுக்கும் குழந்தை இல்லை.' உண்மை. ஆனால் அவர்களைப் பற்றி எல்லோரும் இப்படித்தான் பேச்சை ஆரம்பித்தார்கள். நானும் அப்படி ஆரம்பித்தால் நான் எழுத்தாளன் இல்லை, உறவுக்காரன்.

'ஷார்ஜாவிலிருந்து வெங்கிடாசலம் வந்தார்.' இது பரவாயில்லை. ஒருவர் வருகிறார், கையில் பெட்டி இருக்கிறது. கதைக்கு இதற்கு மேல் என்ன வேண்டும்?

2

1996, அக்டோபர். ஷார்ஜாவிலிருந்து விடுமுறைக்கு வந்த வெங்கிடாசலம் உறவுக்காரர்களின் வீடுகளைத் தபால்காரரின் வேகத்தில் முடித்துக்கொண்டிருந்தார். வீட்டுக்கு ஒரு சாயா, வீட்டுக்கு ஒரு பை. எந்தப் பை யாருக்கு என்பதை அவர் மனைவி ஷார்ஜாவிலேயே தீர்மானித்து, பெயர் எழுதி ஒட்டி அனுப்புவாள். அந்த வருஷம் சில சீட்டுகள் வழியில் உதிர்ந்துவிட்டன.

மட்டாஞ்சேரியில் ஒரு சுக்குக் கிடங்கின் மாடியில் வாஞ்சிநாதன் குடியிருந்தார். அவருடைய வீட்டுக்கு வந்த வெங்கிடாசலம், "குழந்தைகளுக்கு" என்று சொல்லி ஒரு பையைக் கொடுத்துவிட்டு, சாயாவைப் பாதியில் வைத்துவிட்டு ஆட்டோ பிடித்துப் போய்விட்டார். என்ன சொன்னோம் என்பது அவருக்கு ஆட்டோவில் உறைத்ததா என்று தெரியவில்லை. ஆட்டோ திரும்பி வரவில்லை.

வாஞ்சிநாதனுக்கு அப்போது நாற்பத்திரண்டு வயது. வெலிங்டன் தீவில் ஒரு கப்பல் ஏஜென்சியில் குமாஸ்தா. சீதாலக்ஷ்மிக்கு முப்பத்தேழு. கல்யாணமாகிப் பதினாறு வருஷம். அந்தப் பதினாறு வருஷமும் வந்தவர்கள் ஆலோசனைகளாகவே கொண்டுவந்தார்கள்: எந்தக் கோயில், எந்த டாக்டர், எந்த லேகியம். 'குழந்தைகளுக்கு' என்று ஒரு பொருள் அந்தப் படியேறியது அதுதான் முதல்முறை. சீதாலக்ஷ்மி பையைப் பிரித்தாள். டி.வி. கேம். மூடி நடு அறையில் வைத்தாள். இரண்டு நாள் அதைச் சுற்றியே வீட்டைப் பெருக்கினாள்.

(இந்த இடத்தில் அவள் அழுவதாக ஒரு பத்தி எழுதியிருந்தேன். நன்றாகவே வந்திருந்தது. சந்தேகத்துக்குத் தொலைபேசியில் அவளிடமே கேட்டேன். அழவில்லை, கோபம்தான் வந்தது என்றாள். ஒரு நல்ல பத்தி போயிற்று.)

மூன்றாம் நாள், குழந்தை உள்ள வேறு வீட்டுக்குக் கொடுத்துவிடலாம் என்று முடிவாயிற்று. கொடுப்பதற்கு முன்னால் அது ஓடுகிறதா என்று பார்க்கவேண்டும். கேடான பொருளை ஒருவருக்குக் கொடுப்பது மரியாதையல்ல. ஆக, மரியாதையை மட்டுமே உத்தேசித்துத்தான் வாஞ்சிநாதன் அதை டி.வி.யில் இணைத்தார். ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்குச் சோதனை தொடங்கியது. மத்தியானச் சாப்பாடு நாலரை மணிக்கு நடந்தது. சோதனை பதினான்கு மாதம் நடந்தது.

3

சிறப்பிதழ் வாசகர்கள் இந்தப் பகுதியை மட்டும் படித்தால் போதும்.

பெட்டிமேல் 9999 ஆட்டங்கள் என்று அச்சடித்திருந்தது. உள்ளே இருந்தவை பதினொன்று. மற்றதெல்லாம் அதே பதினொன்று, வேறு வேறு பெயரில்.* அவர்களுக்குப் பிடித்தது டாங்கி ஆட்டம். ஆளுக்கொரு டாங்கியை ஓட்டி, திரையின் அடியில் நடுவே இருக்கும் செங்கல் கோட்டையை எதிரிகளிடமிருந்து காக்கவேண்டும். கோட்டைக்குள் என்ன இருக்கிறது என்று ஆட்டத்தில் சொல்லப்படவில்லை. இருவரும் கேட்கவுமில்லை.

*குறைசொல்ல எனக்குத் தகுதியில்லை. என் சிறுகதைத் தொகுப்புகளும் இப்படித்தான்.

ஆட்டுவிக்க இரண்டு கருவிகள். ஒன்று நிமிர்ந்து நிற்கும் தண்டு. உச்சியில் சிவப்புப் பொத்தான், அடியில் பிடித்து ஒட்டிக்கொள்ள நான்கு ரப்பர் கிண்ணங்கள். மற்றது தட்டையாக, கையடக்கமாக. இடப்பக்கம் கூட்டல் குறி மாதிரி ஒரு பொத்தான், வலப்பக்கம் இரண்டு வட்டப் பொத்தான்கள். பெட்டியோடு வந்த காகிதம் சீன மொழியில் இருந்ததால் வாஞ்சிநாதனே பெயர் வைத்தார். தண்டு 'கியர்'. தட்டை 'பிஸ்கட்'.

முதல் நாளே அவர் கியரை எடுத்துக்கொண்டார். இதை நான் அழுத்திச் சொல்லவேண்டும். ஆபீசுக்குப் போகும் படகில் உட்கார இடம் கிடைத்தால் எழுந்து மற்றவருக்குக் கொடுக்கிறவர் அவர். ஆபீசில் மூன்று பேருடைய வேலை அவர் மேஜையில் நடந்தது. கல்யாணச் சாப்பாட்டில் எத்தனையாவது பந்தி என்று கேட்காமல் கடைசிப் பந்தியில் போய் உட்காருவார். யாரையும் கேட்காமல் அவர் தனக்கென்று எடுத்துக்கொண்ட ஒரே பொருள் அந்தக் கியர்தான். ஒரு அலுமினியத் தட்டைக் கவிழ்த்து அதன்மேல் ஒட்டி, மடியில் வைத்துக்கொண்டு, லாரி ஓட்டுகிறவர் மாதிரி நிமிர்ந்து உட்கார்ந்தார்.

(இவ்வளவு சாதுவாக ஒரு மனிதர் இருப்பாரா, கொஞ்சம் காரம் சேர்க்கக்கூடாதா என்று நண்பர் கேட்கிறார். நானும் முயன்றேன். 'வாஞ்சிநாதன் மேஜையை ஓங்கிக் குத்தி' என்று ஒரு வாக்கியம் தொடங்கினேன். குத்தமாட்டேன் என்றுவிட்டார்.)

சீதாலக்ஷ்மிக்கு மிச்சமிருந்த பிஸ்கட். ஒரு மாதத்தில் அவள் கட்டைவிரல் காய்த்துப்போயிற்று. இரண்டாம் மாதத்தில் அவள் டாங்கி சாகவே இல்லை. அவருடையதுதான் செத்துக்கொண்டே இருந்தது. வோல்டேஜ் குறைவு என்றார். தட்டு ஆடுகிறது என்றார். கீழே மூட்டை இறக்குகிற அதிர்வு என்றுகூடச் சொன்னார்.

ஒரு மத்தியானம், அவர் ஆபீசில் இருந்தபோது, அவள் கியரை எடுத்து ஆடிப்பார்த்தாள். வலம் போயிற்று, இடம் போயிற்று, கீழே இறங்கிற்று. மேலே தள்ளினால் மூன்று தடவைக்கு ஒரு தடவைதான் டாங்கி அசைந்தது. எதிரியின் முன்னால் எருமை மாதிரி நின்றது. இதை வைத்துக்கொண்டு அவர் ஒன்பதாவது கட்டம்வரை வந்திருக்கிறார் என்பது அவளுக்கு அப்போதுதான் புரிந்தது. தட்டைத் துடைத்து, இருந்த இடத்தில் வைத்துவிட்டாள். சொல்லவில்லை.

ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். "சொன்னா பிஸ்கட்டை எடுத்துண்டிருப்பாரோ? மாட்டார். நீயே ஆடுன்னு எழுந்து போயிருப்பார்" என்றாள்.

அதன் பிறகு அவருடைய டாங்கி மேலே போகவேண்டிய தருணம் வந்தால் அவள் தன் டாங்கியை விரட்டிக்கொண்டு அவர் பக்கம் வருவாள். தன் பக்கத்தைத் தானே பார்த்துக்கொள்ள முடியும் என்று அவர் முணுமுணுப்பார். யாராவது படியேறும் சத்தம் கேட்டால் இருவரும் சேர்ந்து பெட்டியைப் பூப்போட்ட மேஜைத் துணியால் மூடுவார்கள். பதினான்கு மாதத்தில் ஒருவருக்கும் தெரியாது.

4

இப்போது ஒரு வில்லி வேண்டும். முதல் இரண்டு வரைவுகளிலும் 'தூரத்து உறவுக்காரப் பெண்மணி ஒருவர்' என்று எழுதியிருந்தேன். தூரமெல்லாம் இல்லை, படகில் அக்கரைக்குப் போனால் தேவரா. வாஞ்சிநாதனின் அக்கா அனந்தலக்ஷ்மி. என் அம்மா. வாஞ்சிநாதன் எனக்கு மாமா, சீதாலக்ஷ்மி மாமி. இத்தனை நேரம் அவர்களைப் பெயர் சொல்லி எழுதியது இலக்கிய மரியாதை. நேரில் சொல்லியிருந்தால் அம்மா தோலை உரித்திருப்பாள்.

1997 டிசம்பர், ஒரு சனிக்கிழமை மத்தியானம். அம்மா பெரிய துணிப்பையோடும் ஒரு டப்பா முறுக்கோடும் படகிலிருந்து இறங்கி வந்தாள். (முறுக்கு, மாமி சொல்லிச் சேர்த்தது. அம்மாவை அவ்வளவு மோசமாக எழுதாதே என்றாள்.) படியேறும் சத்தம் கேட்டதும் பெட்டியைத் துணியால் மூடிவிட்டார்கள். மடியிலிருந்த தட்டை மறைக்கத்தான் நேரம் போதவில்லை.

வெங்கிடாசலம் கடிதம் போட்டிருக்கிறாராம். அந்தப் பெட்டி உண்மையில் தேவராவில் பத்து வயதில் இருக்கும் அனிலுக்கு, அதாவது எனக்கு, வாங்கியதாம். பை வீடு மாறிப் போய்விட்டதாம். பதினான்கு மாதம் கழித்துத் தெரிந்ததாம். அம்மா இதையெல்லாம் சொல்லிவிட்டுத் துணிப்பையை விரித்தாள். உங்களுக்கு எதற்கு, வெறுதே பொடி பிடித்து, தூசியடைந்து கிடக்கும் என்றாள். குத்திக்காட்டவில்லை. அன்பாகத்தான் சொன்னாள். அதுதான் தொல்லை.

மாமா எழுந்துவிட்டார். அக்கா கேட்டு அவர் இல்லை என்று சொன்ன சரித்திரம் கிடையாது. அட்டைப்பெட்டியைப் பரணிலிருந்து இறக்கினார்.

"பொடி பிடிக்கலை, அக்கா" என்றாள் மாமி. "நாங்க தினம் விளையாடறோம். நானும் அவரும். தரமுடியாது."

அம்மா பூப்போட்ட துணியைப் பார்த்தாள். மாமா எழும்போது கீழே வைத்த தட்டைப் பார்த்தாள். பிறகு இருவரையும் பார்த்து, "பாவம்" என்றாள்.

பதினேழு வருஷமாக மாமி அந்தச் சொல்லைக் கேட்டுவருகிறாள். கோயில் வாசலில், கல்யாண வீட்டில், சீமந்தங்களில். கேட்டால் தலையைக் குனிந்துகொள்வாள். அன்று குனியவில்லை. அம்மாவையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

மாமா அட்டைப்பெட்டியைத் தரையில் வைத்தார். தட்டிலிருந்து கியரைக் கழற்றினார். நான்கு ரப்பர் கிண்ணங்களும் ஒவ்வொன்றாக டப் டப்பென்று விட்டன. கம்பியைப் பெட்டியிலிருந்து உருவி, நிதானமாகச் சுற்றி, அம்மாவிடம் நீட்டினார்.

"இதை அனிலுக்குக் குடு, அக்கா. பெட்டியும் மத்ததும் இவளோடதாக்கும்."

"இதை மட்டும் வெச்சிண்டு கொழந்தை என்னடா பண்ணுவான்?"

மாமா நீட்டிய கையை மடக்கவில்லை. அம்மா எந்த வீட்டிலிருந்தும் வெறுங்கையோடு திரும்பியவளல்ல. வாங்கிக்கொண்டு படியிறங்கினாள். தேவராவில் நான் அதை ஜன்னல் கண்ணாடியில் ஒட்டி, எதிரே போகும் பஸ்களை இரண்டு வருஷம் ஓட்டினேன்.

5

கதவு சாத்தியாயிற்று. மேடையில் இருவர் இருக்கிறார்கள், ஒரு பிஸ்கட் இருக்கிறது. என் சிக்கல் இங்கேதான்.

மாமாவின் கணக்கில் அவர் செய்தது தியாகம். இருப்பதில் நல்லதை, தனக்கு உயிரானதைக் கொடுத்து அவளுடைய ஆட்டத்தைக் காப்பாற்றிவிட்டார். மாமியோ இருவருக்கும் சேர்த்து 'தரமுடியாது' என்று சொன்னவள். அவர் அதைப் பாதியாக வெட்டி, சேர்ந்து ஆடுகிற பாதியைக் கொடுத்தனுப்பிவிட்டார். கூடவே, போனது கேடான பாதி என்பதும் அவளுக்கு மட்டும் தெரியும். இப்படி ஒரு நிலைமையில் ஒரு பெண் என்ன பேசுவாள்? மூன்று முடிவுகள் எழுதினேன்.

ஒன்று: "உங்களுக்குப் பிடிச்சதைக் குடுத்துட்டேளே" என்று கண்கலங்குகிறாள். காப்பி வருகிறது. வார இதழ்களுக்கு உகந்தது.

இரண்டு: "குடுக்கறதுன்னா முழுசாக் குடுக்கணும். இல்லேன்னா நான் சொன்னதுக்குக் கூட நிக்கணும். எனக்கு மட்டும் எதுக்கு இது?" என்று பிஸ்கட்டையும் அட்டைப்பெட்டியில் போட்டு மூடுகிறாள். விமர்சகர்கள் சந்தோஷப்படுவார்கள்.

மூன்று: "அந்தக் கியர் கேடாக்கும். மேலே போகாது. எனக்கு ஒரு வருஷமாத் தெரியும்" என்று உண்மையைச் சொல்லிவிடுகிறாள். அவர் தரையில் உட்கார்ந்துவிடுகிறார். இருவரும் சிரிக்கிறார்கள். கீழே கிடங்கில் யாரோ தும்மு

(வேண்டாம். தும்மலில் முடிகிற கதையை நானே படிக்கமாட்டேன்.)

6

போன ஞாயிற்றுக்கிழமை மாமிக்குப் போன் செய்து மூன்றையும் வாசித்துக்காட்டினேன். குறுக்கே பேசாமல் கேட்டாள். எழுத்தாளனுக்கு அபூர்வமாகக் கிடைக்கும் வாசகி. முடிந்ததும் கேட்டாள்:

"மூணுலயும் நான்தானே பேசறேன்?"

ஆமாம் என்றேன்.

"அன்னிக்கு நான் வாயே திறக்கலை. அவராக்கும் பேசினது."

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. இத்தனை பக்கங்கள் கிழித்திருக்கிறேன். அந்த மனிதர் தானாக வாய் திறப்பார் என்று எனக்கு ஒரு தடவைகூடத் தோன்றவில்லை. பாத்திரங்களை உள்ளும் புறமும் அறிந்தவன் என்று என் புத்தகங்களின் பின்னட்டையில் போட்டிருக்கிறார்கள். என்ன சொன்னார் என்று கேட்டேன். பின்னால், போனில் யார் என்று ஒரு குரல் விசாரித்தது. அனில் என்றாள். மாமாவிடமே கேட்கட்டுமா என்றேன்.

"வேண்டாம். அது எங்களுக்குள்ள சொன்னது. உனக்கு வேணும்னா நீயே ஒண்ணு எழுதிக்கோ" என்று வைத்துவிட்டாள்.

எழுதிப்பார்த்தேன், நான்கு நாள். அவர் வாயில் நான் வைத்த ஒவ்வொரு வசனமும் நன்றாக இருந்தது. அதனாலேயே அது அவர் சொன்னதில்லை என்று தெரிந்தது. ஆகவே உங்களிடம் விடுகிறேன். பதினேழு வருஷம் ஒருவரோடு குடித்தனம் நடத்தியவர்கள் உங்களில் யாராவது இருப்பீர்கள். நான்கு வரி இடம் விட்டிருக்கிறேன். அவருக்கு அதற்கு மேல் பேசிப் பழக்கமில்லை. பென்சிலால் எழுதவும். இணையத்தில் பென்சில் செல்லாது என்கிறார் நண்பர். அது அவர் பாடு.

அம்மா படியிறங்கும் சத்தம் தேய்ந்தது. சீதாலக்ஷ்மி டி.வி.யைப் பார்த்தபடி, முதுகைக் காட்டிக்கொண்டு நின்றாள். வாஞ்சிநாதன் கதவைச் சாத்தினார், தாழ்ப்பாளும் போட்டார். திரும்பி நின்று, அவள் முதுகைப் பார்த்துச் சொன்னார்:

"..................................................

..................................................

..................................................

.................................................."