கூடையில் வராத ஆப்பிள்

ஊர்க் கலையரங்க மேடையில் அலங்காரத்துக்கென்று ஒரு கூடை நிறையச் சிவப்பு ஆப்பிள் வைத்திருந்தார்கள். பார்த்ததுமே ஸருஹிக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

அந்த ஊர் வழக்கப்படி கல்யாணத்துக்கு மறுநாள் மாமியார் வீட்டிலிருந்து பெண் வீட்டுக்கு அப்படியொரு கூடை வரவேண்டும். வந்தால்தான் பெண் கன்னியாக வந்தவள், ஒழுக்கமானவள். அவள் அக்கா வார்செனிக்கின் கல்யாணத்தில் கூடை வரவில்லை. அக்காதான் வந்தாள், பெட்டியோடு. அதற்குப் பிறகு ஊரில் எந்தக் கல்யாணத்துக்கும் அவளுக்கு அழைப்பில்லை. மாப்பிள்ளையின் ஒழுக்கத்துக்கு எந்தப் பழம் அனுப்புவது என்று மட்டும் ஒருவரும் கேட்கவில்லை.

அந்தக் கூடையை வரவேற்கும் பழைய பாட்டைத்தான் ஸருஹி தலைநகர் யெரெவானில் கிடாரும் மேளமுமாக மாற்றிப் பாடிப் பெயர் வாங்கியிருந்தாள். இன்று சொந்த ஊரில். அக்காவை வம்படியாக இழுத்து வந்து முன்வரிசையில் உட்கார வைத்திருந்தாள்.

அரங்கப் பொறுப்பாளர் சேத்ராக் திரைக்குப் பின்னால் வழிமறித்தார்.

"பொண்ணே, கிடாரை வாசி, குதி, என்னமோ பண்ணு. 'கூடை வந்தது, அம்மா தலை நிமிர்ந்தாள்'னு வர்ற கடைசி அடியை மட்டும் மாத்தாதே. மாத்தினா மைக்கை அணைச்சிடுவேன்."

"தாராளமா அணைங்க. தொண்டை என்னோடது."

பாடினாள். கூட்டம் கைதட்டித் தாளம் போட்டது. கடைசி அடி வந்தது.

"கூடை வரலை, அம்மா தலை குனியலை!"

மைக் செத்தது. கிடாரும் ஊமையானது. மேளத்துக்கு மின்சாரம் எதற்கு? அது முழங்கிக்கொண்டே இருந்தது. ஸருஹி அடிவயிற்றிலிருந்து அதே அடியைத் திரும்பப் பாடினாள்.

"வெட்கங்கெட்டவளே, இறங்குடி!" என்றது ஒரு குரல்.

வார்செனிக் எழுந்தாள். ஊர் முன்னால் அக்காவை மறுபடி அவமானப்படுத்திவிட்டோமோ? அவள் வெளியே போய்விட்டால் இந்தப் பாட்டை இனி எந்த வாயால் பாடுவது?

அக்கா வாசல் பக்கம் போகவில்லை. மேடையேறினாள். கூடையிலிருந்து ஒரு ஆப்பிளை எடுத்து நறுக்கென்று கடித்தாள், மென்றாள், முகத்தைச் சுளித்தாள்.

"த்தூ, ஒரே மாவுடி! இதுக்கா நான் பதினோரு வருஷமா அழுதேன்?"

பின்வரிசைப் பெண்கள் சிரித்துவிட்டார்கள். வார்செனிக் இன்னொரு பழத்தை எடுத்து சேத்ராக்கை நோக்கி வீசினாள்.

"உங்களுக்கும் ஒண்ணு, ஐயா. ருசி பாருங்க."

அவர் பிடிக்கவில்லை. பழம் உருண்டு போனது. மேளக்காரர் நிறுத்தவேயில்லை. அக்காவும் தங்கையும் பாட்டை முதலிலிருந்து தொடங்கினார்கள்.