சொந்த விருப்பம்

வெள்ளாற்றில் தண்ணீர் ஏறிவிட்டது என்று ரயிலை நிறுத்தமாட்டார்களா? மாட்டார்கள். இந்த மழைக்கெல்லாம் நிறுத்துவதில்லை. தனம் வந்துவிடுவாள். குடையை உதறிவிட்டுச் சிரித்துக்கொண்டே உள்ளே நுழைவாள். கேள்வித்தாளைப் பிரித்து வைத்துக்கொண்டு, ஆராய்ச்சியை ஏன் விட்டாய் என்று கேட்பாள். என் வாயில் என்ன வரும்?

"என்னாடி, வெங்காயம் நறுக்குறியா, ஜோசியம் பாக்குறியா?"

சௌந்தரம் திடுக்கிட்டுக் கத்தியை மறுபடி அசைத்தாள். அத்தை பின்னால் நின்று சிரித்துக்கொண்டிருந்தாள். மாமியார் ஆவதற்கு முன்பே அவள் அத்தைதான். அப்பாவின் கூடப் பிறந்த அக்கா. அந்த வீட்டில் சௌந்தரத்தை யாரும் அதட்டிப் பேசியதில்லை. அதை வெளியே யாரிடம் சொன்னாலும் கொடுத்துவைத்தவள் என்பார்கள். அவளும் அப்படித்தான் நினைத்துக்கொள்வாள், பெரும்பாலான நாட்களில்.

தனம் சிதம்பரத்தில் அவளோடு படித்தவள். சௌந்தரம் பௌதிகம், தனம் பொருளாதாரம். பட்டம் வாங்கிய பெண்கள் எத்தனை பேர் வேலைக்குப் போகிறார்கள், போகாதவர்கள் ஏன் போகவில்லை என்று தனம் இப்போது ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தாள். கேள்விகளை அச்சடித்து முன்கூட்டியே தபாலில் அனுப்பியிருந்தாள். முதலில் பிரித்துப் படித்தவன் சக்கரபாணிதான். சௌந்தரத்தின் கணவன், உயர்நிலைப் பள்ளியில் கணக்கு வாத்தியார். படித்துவிட்டு, "நல்ல கேள்வியாதான் போட்டிருக்கா. ஆராய்ச்சிய ஏன் விட்டேன்னு வருது பாரு, அதுல உன் விருப்பம்னு சொல்லிடு. அதானே நெஜம்?" என்றான். குழம்புக்கு உப்புப் போதுமா என்று கேட்கிற குரல்தான். ஆனால் மறுநாளும் கேட்டான். அதற்கு மறுநாள் சாப்பிடும்போதும் கேட்டான்.

பெண்கள் படிக்க வேண்டும் என்று மேடையேறிப் பேசுகிறவன் அவன். "என் மனைவி எம்.எஸ்ஸி. பௌதிகம்" என்று சொல்லாமல் எந்தக் கூட்டத்திலும் அவன் பேச்சை முடித்ததில்லை. பெருமைக்குச் சொல்கிறான் என்று ஊரில் நினைக்கலாம். அவனுக்கு அது உண்மையான சந்தோஷம் என்பது சௌந்தரத்துக்குத் தெரியும்.

ரயில் ஓடியது. தனம் வந்தாள். சேலை முழங்கால் வரைக்கும் நனைந்திருந்தது.

"மஞ்சக்குப்பத்துல ஒரு வூட்டுக்குப் போயிட்டு வரேன். நான் ஒரு கேள்வி கேக்கறதுக்குள்ள அந்தப் பொண்ணோட மாமியா எங்கிட்ட நாலு கேட்டுட்டாங்க. கல்யாணம் ஆச்சா, ஏன் ஆவல, யாரு வேணாம்னது, இன்னும் எத்தினி நாளைக்கு இப்பிடி சுத்தப்போற? பேசாம என் தாள்ல ஒண்ண எடுத்து நானே எழுதிக் குடுத்துட்டு வந்திருக்கலாம்."

"அவ கேட்டதுல என்னா தப்பு?" என்றாள் அத்தை. "நானும் அதத்தான் கேக்கலாம்னு இருந்தேன். அவ முந்திக்கிட்டா."

எல்லோரும் சிரித்தார்கள். பக்கோடாவும் காபியும் வந்தன. சக்கரபாணி நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தான். பேனாவின் மூடியைக் கழற்றிய தனம் அவனை ஒரு தரம் பார்த்தாள். "அண்ணே, இது அவள கேக்கற கேள்வி" என்றாள்.

"கேளும்மா, நான் வாயத் தெறக்கல."

வயது, ஊர், பட்டம். ஆராய்ச்சிக்கு எடுத்துக்கொண்ட பொருள் என்ன என்று தனம் கேட்டதும் அவன் வாயைத் திறந்துவிட்டான்.

"படிகாரம். படிகாரக் கரைசல்ல ஒரு சின்ன விதைப் படிகத்த நூல்ல கட்டித் தொங்கவுட்டு, சூட்ட கொஞ்சங் கொஞ்சமா எறக்கி வளக்கணும். வளந்தப்பறம் அதுல ஒலி அலைய செலுத்தி, எந்தப் பக்கம் எவ்ளோ வேகமா போவுதுன்னு பாக்கணும். அத வச்சு அதோட மீள்தன்மைய கணக்குப் போடலாம். சரிதான சௌந்தரம்?"

சரிதான். அவன் ஒன்றையும் மறக்கவில்லை. கல்யாணமான புதிதில் அவள் சொன்னதை அப்படியே வைத்திருக்கிறான். இவ்வளவு நாளும் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசாதவன்.

"படிகாரத்த வளக்கறதுக்கா இத்தினி படிப்புன்னு நான் அப்பவே கேட்டேன்" என்றாள் அத்தை. "நாட்டு மருந்துக் கடையில பொட்டலம் பொட்டலமா குடுக்கறான்."

"பௌதிகத்துல நீ ஒருத்திதாண்டி எனக்குக் கெடச்சிருக்க" என்றாள் தனம். "தமிழ் படிச்சவங்க இருக்காங்க, சரித்திரம் இருக்காங்க. கெமிஸ்ட்ரில ரெண்டு பேர். பௌதிகத்துக்கு நீதான். கல்யாணத்துக்கு அப்பறம் ஆராய்ச்சிய தொடர்ந்து செஞ்சியா?"

"செஞ்சேன். ஆடி மாசம்."

தனம் சிரித்துவிட்டாள். பிறகு சௌந்தரத்தின் முகத்தைப் பார்த்துச் சிரிப்பை நிறுத்திக்கொண்டாள்.

வேடிக்கைக்குச் சொன்னதல்ல அது. வைகாசியில் திருவந்திபுரத்தில் கல்யாணம். ஆடி பிறந்ததும் புதுப்பெண்ணைச் சிதம்பரத்துத் தாய்வீட்டுக்கு அழைத்துப் போனார்கள். ஊர் முழுக்க அந்த மாதத்தில் புதுப்பெண்கள் தாய்வீட்டில் உட்கார்ந்து நாளை எண்ணிக்கொண்டிருக்க, சௌந்தரம் காலையில் எழுந்து சோதனைக்கூடத்துக்கு ஓடினாள். புகுந்த ஊரான கடலூரிலிருந்து தினமும் போய்வர முடியாது. சிதம்பரத்தில் தங்குவதற்கு ஒரு பெண்ணுக்கு என்ன காரணம் உண்டு? ஆடி உண்டு. பிரசவம் உண்டு. இந்த இரண்டையும் வைத்துக்கொண்டு ஆராய்ச்சியை முடித்துவிடலாம் என்று அவள் மனதுக்குள் ஒரு திட்டம் போட்டிருந்தாள். யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் சிரிப்பார்கள்.

ஆனால் படிகம் வளர்க்க ஆடியைப் போல மோசமான மாதம் வேறில்லை. காற்று புழுதியை வாரிக் கொட்டும். கரைசலில் ஒரு தூசி விழுந்தால் போதும், அதைச் சுற்றிக் கண்ட இடத்தில் பொடிப்பொடியாக உப்புக் கட்டும். நூலில் தொங்குவது வளராமல் நின்றுவிடும். ஜன்னல் இடுக்கிலெல்லாம் காகிதம் ஒட்டினாள். கண்ணாடித் தொட்டியின் மேல் ஈரத்துணி போட்டாள். அப்படியும் அந்த ஆடியில் ஒன்றும் தேறவில்லை.

மறுவருஷம் கார்த்திகைக் கடைசியில் வளைகாப்பு முடிந்து தாய்வீட்டுக்கு வந்தாள். மார்கழியில் காற்று அடங்கியிருந்தது. குளிர்ந்த, அசையாத நாட்கள். வயிற்றைச் சாய்த்துக்கொண்டு ஸ்டூலில் உட்கார்ந்து தொட்டியைப் பார்த்துக்கொண்டிருப்பாள். தை மாதக் கடைசியில் ஒரு படிகம் கண்ணாடி மாதிரித் தெளிவாக வந்தது. அதை உள்ளங்கையில் வைத்துப் பார்த்தபோது, இரண்டும் முடிந்துவிடும், இதுவும் நல்லபடியாக முடியும், அதுவும் பிறந்துவிடும் என்று நினைத்தாள். அவ்வளவு சந்தோஷமாக அதற்கு முன்னும் இருந்ததில்லை, பின்னும் இல்லை.

"குழந்தைங்க?" என்று தனம் அடுத்த கேள்விக்குப் போயிருந்தாள். அவளுக்குத் தெரியும். ஆனாலும் கேள்வியைக் கேட்டாக வேண்டும்.

"இல்ல" என்றான் சக்கரபாணி.

"ஒண்ணு" என்றாள் சௌந்தரம்.

அத்தை தட்டுகளை அடுக்கிக்கொண்டு உள்ளே போனாள்.

தனம் தாளைப் பார்த்தபடி மெதுவாகச் சொன்னாள். "உயிரோட இருக்கறவங்கன்னுதான் போட்டிருக்கு, சௌந்தரம்."

"அப்ப இல்லன்னு எழுதிக்க."

பெண் குழந்தை. கழுத்தில் கொடி சுற்றியிருந்தது என்றார் டாக்டரம்மா. நடந்ததாலோ உட்கார்ந்ததாலோ வந்ததல்ல, யாருக்கும் வரலாம் என்று எல்லோர் எதிரிலும் சொன்னார். எல்லோரும் தலையாட்டினார்கள். மூன்றாம் நாள் பால் கட்டிக்கொண்டது. அது வற்றட்டும் என்று அம்மா மல்லிகைப்பூவை வைத்துத் துணியால் இறுக்கிக் கட்டிவிட்டாள். அந்த வாசனை வந்தால் சௌந்தரம் இன்றைக்கும் அறையை விட்டு எழுந்து போய்விடுவாள். பார்க்க வந்த ஒருத்தியிடம் அத்தை, "பாவம், அந்தத் தொட்டிக்கிட்டயே உக்காந்துனு இருந்துச்சு பொண்ணு" என்று சொன்னது சுவருக்கு இந்தப் பக்கம் கேட்டது. அதில் ஒரு பழியும் இல்லை. இரக்கம்தான் இருந்தது.

உடம்பு தேறியபின் ஒரு நாள் காலை சேலையைச் சீராக உடுத்தி, பையைத் தோளில் மாட்டிக்கொண்டு சௌந்தரம் வாசலுக்கு வந்தாள். அப்பா நிலைப்படிக்கு நேரே நாற்காலியைப் போட்டு, வழிக்குக் குறுக்கே எதிர்ச் சுவரில் காலை நீட்டிப் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். வழக்கமாக அவள் செருப்புச் சத்தம் கேட்டதும் காலை மடக்கிக்கொள்வார். அன்றைக்கு மடக்கவில்லை. அவளைப் பார்க்கவும் இல்லை. பேப்பரை மட்டும் இன்னும் கொஞ்சம் உயர்த்திப் பிடித்துக்கொண்டார். அப்பா, கொஞ்சம் நகருங்க என்று சொல்ல எவ்வளவு நேரம் ஆகும்? அவள் சொல்லவில்லை. நின்றாள். பிறகு உள்ளே போய்ப் பையை ஆணியில் மாட்டினாள். மறுநாளும் நாற்காலி அங்கேயே இருந்தது. அதற்கு மறுநாள் அவள் பையை எடுக்கவில்லை.

சக்கரபாணி வந்து அழைத்துப்போனான். ரயிலில் என்னென்னவோ பேசினான், அதைத் தவிர. அவளுடைய புத்தகங்களை, "பாத்தா உனக்கு வருத்தமா இருக்கும்" என்று பள்ளிக்கூட நூலகத்துக்குக் கொடுத்தான். கொடுக்கட்டுமா என்று அவளைக் கேட்டுத்தான் கொடுத்தான். அவள் தலையாட்டினாள்.

"சௌந்தரம்." தனம் அவள் முழங்கையைத் தொட்டாள். "ஆராய்ச்சிய ஏன் விட்ட? நாலு காரணம் போட்டிருக்கேன். சொந்த விருப்பம். வூட்டுல எதிர்ப்பு. உடம்பு சரியில்ல. குழந்தைங்கள பாத்துக்கறது. இதுல எது?"

"யாரும் போவாதன்னு சொல்லல."

"அப்ப சொந்த விருப்பம்."

"இல்ல."

"எதிர்ப்பா?"

"எதிர்ப்பு எங்க இருந்துச்சு? யாராச்சும் ஒருத்தர் எதிர்த்திருந்தா நான் சண்டையாவது போட்டிருப்பேன்."

தனம் பேனாவை உருட்டினாள். தோழிக்குரிய குரல் போய், களைத்துப்போன ஒருத்தியின் குரல் வந்தது. "இத பாருடி. இந்த எடத்துல ஒரு பதில் இல்லன்னா இந்தத் தாள தனியா எடுத்து வச்சிடுவேன். வச்சித்தான் ஆவணும். கணக்குல சேராது. பௌதிகம் படிச்ச பொண்ணு ஒருத்தியுமே இல்லங்கற மாதிரி ஆயிடும். என் ஆராய்ச்சியிலயாவது நீ இருக்கணும்னு நெனைக்கறேன். ஏதோ ஒண்ணு சொல்லு. உடம்பு சரியில்லன்னு போட்டுக்கட்டா? அது பொய்யில்லையே."

"அதுக்கு முன்னாடி எனக்கு உடம்பு நல்லாதான் இருந்துச்சு. அப்பறமும் நல்லாதான் இருக்கு."

மழை வலுத்தது. சக்கரபாணி நாற்காலியின் நுனிக்கு வந்திருந்தான்.

"நான் தடுத்தனா, சௌந்தரம்?"

"இல்ல மாமா."

"எங்கம்மா ஏதாச்சும் சொன்னாங்களா?"

"இல்ல."

"சிதம்பரத்துல மாமா, உங்கப்பா?"

அப்பா போன வருஷம் இறந்துவிட்டார். நீட்டிய காலை அன்றைக்கு அவர் ஏன் மடக்கவில்லை என்று அவளும் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை.

"அப்ப உன் விருப்பம்தானே? சொல்லேன், எழுதிக்கட்டும்."

மேடைக் குரல் இல்லை அது. அவள் நிமிர்ந்து பார்த்தாள். அவன் கண்கள் கலங்கியிருந்தன. தனத்தின் தாளுக்காக அவன் கேட்கவில்லை என்று அப்போதுதான் அவளுக்குப் புரிந்தது. அந்த ரயிலில் என்னென்னவோ பேசிக்கொண்டு வந்தானே, அன்றிலிருந்து இதைக் கேட்கக் காத்திருக்கிறான். தனியாகக் கேட்கத் தைரியம் இல்லை. சொந்த விருப்பம் என்று அவள் சொல்லிவிட்டால் அவன் இன்றைக்கு நிம்மதியாகத் தூங்குவான். அவனுக்காக எத்தனையோ விட்டுக்கொடுத்திருக்கிறாள், அவனும் அப்படித்தான். இது இரண்டே சொல். சொல்லிவிட்டால் என்ன?

சொல்லிப் பார்த்தாள், வாய்க்குள்ளேயே. பையைத் தோளில் மாட்டிக்கொண்டு வாசலில் நின்ற அந்தப் பெண், போக வேண்டும் என்று உடம்பு முழுக்க ஆசையோடு நின்றவள், இவளைத் திரும்பிப் பார்த்தாள்.

"தாள தனியாவே எடுத்து வச்சிடு, தனம்" என்றாள் சௌந்தரம்.

"ஏண்டி, நான் கேட்டதுக்காகவாவது..."

"சௌந்தரம்" என்றான் அவன். "எனக்காகச் சொல்லு."

அவள் கையை நீட்டி அவன் கைமேல் வைத்தாள். அவன் விரல்கள் சில்லென்றிருந்தன.

"அத மட்டும் சொல்லமாட்டேன், மாமா."