மக்பூல் சாயபு கேள்வி படித்த காலை

ஆம்பூர் தோல் மண்டியில் விலையை வாயால் பேசுவதில்லை. வாங்குபவரும் விற்பவரும் ஒரு துண்டுக்கு அடியில் கையைப் பிடித்துக்கொண்டு விரலால் பேசுவார்கள். சுற்றி நிற்பவர்கள் இருவர் முகத்தையும் வெறித்துப் பார்த்து ஏதாவது தேறுமா என்று தவிப்பார்கள். தரகர் மக்பூல் அகமதுவின் முகத்தைப் பார்ப்பதும் ஒன்று, சுவரைப் பார்ப்பதும் ஒன்று. குரலும் அப்படித்தான். கல்யாணத்துக்குக் கூப்பிட்டாலும் கருமாதிக்குக் கூப்பிட்டாலும் ஒரே மாதிரி "சரி" என்பார்.

இந்தப் பெருமைதான் அவரைப் பெண்கள் போர்டிங் பள்ளிக்கூடத்துப் பரீட்சை அறையில் கொண்டுபோய் உட்கார வைத்தது.

எட்டாம் வகுப்பில் முதலாவதாக இருந்த சவுரியம்மாளுக்கு ஐப்பசியில் பெரியம்மை போட்டது. உயிர் தப்பியது, கண் தப்பவில்லை. வெளிச்சம் தெரியும், எதிரே ஆள் நிற்பது தெரியும், அச்செழுத்து மட்டும் தெரியாது. பங்குனியில் சர்க்கார் பரீட்சை. பாஸ் செய்தால் பாலர் வகுப்புக்கு டீச்சராக வைத்துக்கொள்வதாகத் தலைமையாசிரியை சௌந்தரம் டீச்சர் வாக்குக் கொடுத்திருந்தார். பாட்டும் கதையும் வாய்ப்பாடும் சொல்லிக் கொடுக்க வாய் போதும் என்பது அவர் கட்சி. ஆனால் சர்டிபிகேட் இல்லாமல் வைக்க முடியாது. தவறிவிட்டால் விரிஞ்சிபுரத்தில் அண்ணன் வீடு. மாட்டுக் கொட்டகையை ஒட்டி அவளுக்கு ஒரு மூலை ஒழித்து வைத்திருப்பதாக அண்ணி சொல்லியனுப்பியிருந்தாள். அது அன்பா அலுப்பா என்று சவுரியம்மாளுக்குத் தெரியும்.

சௌந்தரம் டீச்சர் மேலிடத்துக்கு எழுதி எழுதி ஓர் உத்தரவு வாங்கினார். கேள்வியை ஒருவர் படித்துக் காட்டலாம், விடையைப் பெண்ணே எழுத வேண்டும். படிப்பவர் ஆசிரியராகவோ உறவாகவோ பள்ளிக்கூடத்தோடு சம்பந்தப்பட்டவராகவோ இருக்கக் கூடாது. எந்தக் கேள்வியையும் இரண்டு தடவைக்கு மேல் படிக்கக் கூடாது. குரலில் ஏற்றமோ இறக்கமோ குறிப்போ இருக்கக் கூடாது. இந்த விதியை எழுதிய மகானுபாவர் தன் ஆயுளில் யாருக்கும் ஒரு கடுதாசிகூடப் படித்துக் காட்டியிருக்க மாட்டார் என்று அடித்துச் சொல்வேன்.

குரலில் ஒன்றும் காட்டாத ஆள் யார் என்று விசாரித்தபோது ஊரே ஒரு வீட்டைக் கைகாட்டியது. மக்பூல் சாயபு தயங்கினார். "பொம்பளப் புள்ளைங்க பள்ளிக்கூடத்துல எனக்கு இன்னா வேல?" என்றார். அவர் மனைவி ஜஹீருன்னிசாதான், "ஒரு பொண்ணு வாழ்க்கை. போய்ட்டு வாங்க" என்றாள். அவளுக்குப் படிக்கத் தெரியாது. பகல் சாப்பாடு ஆனதும் அவர் மாதப் பத்திரிகையில் வரும் தொடர்கதையை அவளுக்குப் படித்துக் காட்டுவார். அந்த நேரத்தில் கதவு சாத்தியிருக்கும். மண்டிக்காரர் யாரும் அந்தக் குரலைக் கேட்டதில்லை.

கணக்குப் பரீட்சை அன்று சவுரியம்மாளுக்குத் தனி அறை ஒதுக்கியிருந்தார்கள். மேற்பார்வைக்கு வேலூரிலிருந்து அமிர்தவள்ளி அம்மாள் வந்திருந்தார். கஞ்சி போட்ட சேலை, மேஜைமேல் கடிகாரம், பக்கத்தில் மேலிடத்து உத்தரவு. சவுரியம்மாள் மரக்கட்டை ரூல் ஒன்றைத் தாளின்மேல் இடக்கையால் அழுத்திப் பிடித்துக்கொண்டாள். அதன் விளிம்பை ஒட்டி எழுதினால் வரி கோணாது, இரண்டு மாதமாகப் பழகியிருந்தாள்.

மக்பூல் சாயபு வினாத்தாளை வாங்கினார். விதியை மீறக் கூடாது என்ற பயத்தில் மண்டியில் பேசுவதைவிடவும் மட்டமாகக் குரலை இறக்கிக்கொண்டார்.

"ஒரு தொட்டியை ஒரு குழாய் நான்கு மணி நேரத்தில் நிரப்பும் மற்றொரு குழாய் ஆறு மணி நேரத்தில் நிரப்பும் அடியிலுள்ள ஓட்டை நிறைந்த தொட்டியைப் பன்னிரண்டு மணி நேரத்தில் காலி செய்யும் மூன்றும் ஒரே சமயத்தில் திறந்திருந்தால் காலித் தொட்டி நிறைய எவ்வளவு நேரமாகும்."

மூச்சு விடவில்லை, நிறுத்தவில்லை. கேள்வி என்றுகூடக் காட்டவில்லை. சவுரியம்மாள் தலையைச் சாய்த்துக் கேட்டாள். பென்சில் அசையவில்லை. அவர் மறுபடியும் அதே மாதிரி படித்தார். குழாயும் ஓட்டையும் மணியும் அவள் தலைக்குள் ஒன்றன்மேல் ஒன்று விழுந்து குழம்பின. அடுத்த கேள்வி வட்டிக் கணக்கு, இரண்டு தடவை படித்தும் அதுவும் போயிற்று. மூன்றாவது நிலத்தின் பரப்பு, அதற்கும் இரண்டு தடவை முடிந்தபின் ஓர் எண்ணை எழுதி, அடித்து, அப்படியே நிறுத்திவிட்டாள்.

முகத்தை மறைக்கத் தெரிந்தவருக்கு முகத்தைப் படிக்கவும் தெரியும். அம்மைத் தழும்பு நிறைந்த அந்த முகத்தில் கணக்குத் தெரியாத திணறல் இல்லை. கணக்கு எங்கே இருக்கிறது என்று இருட்டில் தடவுகிற திணறல் இருந்தது. ரூல்மேல் ஒரு சொட்டு விழுந்தது. அவள் அவசரமாக அதைத் தாவணியால் துடைத்தாள், தாள் நனைந்துவிடுமோ என்று. மக்பூல் சாயபு வினாத்தாளை மடியில் வைத்துவிட்டார்.

"அம்மா, தப்பு இந்தப் பொண்ணு மேல இல்ல. என் மேல கீது."

"பேசக் கூடாது சாயபு. நாலாவது கேள்வியப் படிங்க" என்றார் அமிர்தவள்ளி அம்மாள்.

"மண்டியில நான் வெலையை மறைக்கிற ஆளு. அதே மாதிரி இங்கயும் மறைச்சுக்கினு படிக்கிறேன். இங்க மறைக்கிறதுக்கு இன்னா கீது? கண்ணு இருக்கிற புள்ளைங்களுக்குக் கமா தெரியுது, கேள்விக்குறி தெரியுது. இந்தப் புள்ளகிட்டருந்து அதையும் நான் புடுங்கிக்கினேனே."

"உத்தரவு அப்படித்தான் சொல்லுது. நாளைக்கு எவனாவது மொட்டக் கடுதாசி போட்டா இந்தப் பொண்ணோட பரீட்சையே கேன்சல் ஆய்டும். அது உங்களுக்குப் பரவால்லயா?" அமிர்தவள்ளி அம்மாளின் குரலில் கோபத்தைவிடக் கவலைதான் அதிகம்.

"அந்த உத்தரவக் கொஞ்சம் குடுங்கம்மா. கண்ண மூடிக்கினு கேளுங்க."

கொடுத்திருக்க வேண்டியதில்லை. ஆனால் அந்த அம்மாளுக்கும் ரூல்மேல் விழுந்த சொட்டு கண்ணில் பட்டிருந்தது. தாளை நீட்டினார், கண்ணை மூடினார். மக்பூல் சாயபு அரைப் பக்கத்துக்கு ஓடிய உத்தரவு வாக்கியத்தை, உத்தரவில் சொல்லியிருந்தபடியே ஏற்ற இறக்கம் இல்லாமல் படித்தார். "மேற்படி பரீட்சார்த்தியானவள் மேற்படி வாசிப்பவரால் மேற்படி வினாக்கள்" என்று அது போய்க்கொண்டே இருந்தது. அமிர்தவள்ளி அம்மாளின் புருவம் நெளிந்தது. வேலூரிலிருந்து ரயிலில் வரும்போது நாலைந்து முறை படித்த உத்தரவு அது. யார் யாருக்கு என்ன செய்யக் கூடாது என்று அவருக்கே பிடிபடவில்லை.

பிறகு அதையே மக்பூல் சாயபு தன் வீட்டுக் கதவைச் சாத்திக்கொண்டு படிப்பதுபோலப் படித்தார். நிறுத்த வேண்டிய இடத்தில் நிறுத்தி, மூச்சு விட்டு, யாரைச் சொல்கிறோமோ அவரை முன்னால் கொண்டுவந்து வைத்தார். வறட்டு உத்தரவுகூட ஒரு மனிதர் இன்னொரு மனிதரிடம் சொல்கிற சேதிபோல இருந்தது.

அமிர்தவள்ளி அம்மாள் கண்ணைத் திறந்து உத்தரவை வாங்கி மேஜைமேல் வைத்தார்.

"இப்படியே படிங்க. கேள்வி புரியட்டும், விடை மட்டும் குரல்ல வரக் கூடாது. எவனாவது கேட்டா நான் பதில் சொல்லிக்கிறேன். ஆனா முடிஞ்ச மூணு கேள்வி முடிஞ்சதுதான். மூணாவது தடவை படிக்க நான் விட முடியாது."

மக்பூல் சாயபு மன்றாடிப் பார்த்தார். அம்மாள் மசியவில்லை. அவர் இடத்தில் இருந்தால் நானும் மசிந்திருக்க முடியாது என்றுதான் நினைக்கிறேன், இருந்தாலும் அந்த நிமிஷத்தில் அவர்மேல் எனக்கு ஆத்திரம் வருகிறது.

நாலாவது கேள்வியிலிருந்து அறையே மாறிப்போனது. அவர் படிக்கப் படிக்கச் சவுரியம்மாள் தலையை ஆட்டினாள். பல கேள்விகளுக்கு இரண்டாவது தடவையே தேவைப்படவில்லை. மக்பூல் சாயபுவின் குரல் குழைந்தது, நிமிர்ந்தது, கணக்கு திரும்புகிற இடத்தில் தொண்டையைக் கனைத்துக்கொண்டது, ஒரு செங்கல் கணக்கில் மேஸ்திரியும் சித்தாளும் உயிரோடு நடமாடினார்கள். கடைசிக் கேள்வி முடிந்தபோது அவருக்கு வேர்த்துக் கொட்டியிருந்தது. இனி அவர் செய்ய ஒன்றும் இல்லை. அந்த மூன்றும் இல்லாமல் இவள் தேறுவாளா என்று மனம் அடித்துக்கொண்டது.

சவுரியம்மாள் தாளை முதல் பக்கத்துக்குப் புரட்டி ரூலைத் தடவி வைத்தாள். உதடுகள் அசைந்தன. ஜெபம் செய்கிறாள் என்று நினைத்து மக்பூல் சாயபுவும் தலையைக் குனிந்து தன் பங்குக்குத் துவா கேட்டார். நிமிர்ந்து பார்த்தபோது அவள் எழுதிக்கொண்டிருந்தாள்.

ஆனியில் ரிசல்ட் வந்தது. சவுரியம்மாள் பாஸ், பாலர் வகுப்பு அவளுக்குத்தான் கிடைத்தது. ஆனால் மக்பூல் சாயபுவைக் கேட்டால் அதைக் கடைசியில்தான் சொல்வார். மணி அடித்த பிறகு அந்த அறையில் நடந்ததைத்தான் முதலில் சொல்வார்.

மணி அடித்ததும் அமிர்தவள்ளி அம்மாள் விடைத்தாளை எடுத்தார். முதல் பக்கத்தைப் பார்த்ததும் முகம் இறுகியது. காலியாகக் கிடந்த இடத்தில் தொட்டிக் கணக்கு முழுசாக இருந்தது. மூன்று மணி நேரம் என்று விடை. வட்டியும் நிலமும்கூட அதன் கீழே இருந்தன.

"இது எப்டி? யார் படிச்சது?"

சவுரியம்மாள் எழுந்து நின்றாள். "சாயபு படிச்சது ஒரு வார்த்தகூட மறக்கலம்மா. அப்ப எங்க நிறுத்தறதுன்னு தெரியல. அப்பறம் அவரு நல்லா படிச்சப்ப, எங்க மூச்சு வுடறாருன்னு கவனிச்சிக்கினேன். அதே மாதிரி மனசுக்குள்ள சொல்லிப் பாத்தேன்."

"எங்க, சொல்லு."

அவள் சொன்னாள். சின்னப் பெண்ணின் குரல்தான், ஆனால் நிறுத்தமும் மூச்சும் அவருடையது. முதல் குழாயை ஒரு பக்கம் வைத்து, இரண்டாவதை மறுபக்கம் வைத்து, ஓட்டைக்கு வரும்போது தொண்டையைக் கனைத்துக்கொள்வதுவரை எல்லாம் அவருடையது. ஜஹீருன்னிசா ஒருத்திக்கு மட்டும் தெரிந்த குரலை, கண் தெரியாத ஒரு பெண் ஒரே காலையில் கற்றுக்கொண்டு திருப்பிச் சொன்னாள். மக்பூல் சாயபு இருவர் எதிரிலும் வெட்கப்படாமல் அழுதார்.

அமிர்தவள்ளி அம்மாள் விடைத்தாள் போடும் உறையைக் கையில் வைத்துக்கொண்டு கடைசியாக ஒன்று கேட்டார். "இங்க பாரு சவுரி, நாளைக்கு என்னக் கேப்பாங்க. இந்தக் கேள்விய எத்தினி தடவ படிச்சாங்க? நெஜத்தச் சொல்லு."

"சாயபு ரெண்டு தடவதாம்மா படிச்சாரு" என்றாள் சவுரியம்மாள். "மூணாவது தடவ படிச்சது நான்."