இடுப்புக் கயிறு

உதயரூபன் கரண்டியைச் சரித்தான். பால் அண்ணன் தங்கராசாவின் உதட்டில் நின்று, கடைவாய் வழியாகக் காதுப்பக்கம் ஓடியது. அண்ணன் மனைவி புஸ்பம் சேலைத் தலைப்பால் துடைத்தாள். விடிந்ததிலிருந்து இது ஆறாவது முறை.

"இறங்குதில்லையே தம்பி. மகளுக்காகத்தான் உசிர் கிடந்து இழுபடுது."

அண்ணனின் பாதிக்கண் வாசற்பக்கமே கிடந்தது. மாங்கேணிக் கரையில் முப்பது வருடம் வலை இழுப்பித்தவர். ஒரு குரல் கொடுத்தால் நாற்பது பேர் கயிற்றில் சாய்வார்கள். இப்போது ஒரு மூச்சுக்கே தோள் இரண்டும் எழும்பி விழுந்தன. மகள் யசோதினி கிரானில் செங்கல் அறுத்துச் சுடும் கல்வாடியில் வேலை செய்கிறாள். இரண்டு தரம் ஆள் விட்டும் வரமாட்டேன் என்றுவிட்டாள்.

"நான் போய்க் கூட்டிக்கொண்டு வாறன் மச்சாள்," என்று எழுந்தான்.

வழியில் இரண்டு சோதனைச் சாவடிகள். வன்னியில் சண்டை முடிந்துவிட்டதாம்; இரண்டாவது சாவடியில் ஆமிக்காரர் சீனவெடி கொளுத்திக்கொண்டிருந்தார்கள். ஒருவன் பாற்சோற்றுத் துண்டொன்றை இலையில் வைத்து நீட்டினான். வாங்காமல் போக முடியாது. உதயரூபன் அதைக் கொஞ்சத்தூரம் கையிலேயே வைத்துக்கொண்டு மோட்டார் சைக்கிளை உருட்டினான். எறியவும் மனமில்லை, தின்னவும் மனமில்லை. கடைசியில் ஒரு நாய்க்கு வைத்தான்.

யசோதினி தலையில் சுடாத பச்சைக்கல் அடுக்கிய பலகையோடு சூளைக்குப் போய்க்கொண்டிருந்தாள். முப்பத்திரண்டு வயது, நாற்பது சொல்லலாம்.

"அப்பாவப் பாக்கக் கூப்பிட வந்தீங்களெண்டா திரும்பிப் போங்க சித்தப்பா. நாளைக்குச் சூளை மூட்டணும்."

"அதுக்கும்தான். முதல்ல ஒண்டு சொல்லணும். பலகைய இறக்கு புள்ள."

அவள் இறக்கவில்லை.

"நிலோஜன்ட இடுப்பில அந்த முடிச்சப் போட்டது அப்பா இல்ல. நான்."

கரைவலை இழுக்கிறவர்கள் இடுப்பில் துண்டுக் கயிறு கட்டி, அதன் நுனியை வலைக்கயிற்றில் இரண்டு சுற்றுச் சுற்றிப் பின்னால் சாய்வார்கள். முடிச்சுப் போடுவதில்லை, ஓர் உதறலில் கழன்றுவிட வேண்டும். யசோதினியின் புருஷன் நிலோஜன் குருக்கள்மடத்தில் வீடு கட்டும் மேசன், கலியாணம் முடித்து வந்த பிறகுதான் வலை பிடித்தவன். அவன் சுற்று வழுக்கி வழுக்கி மணலில் குந்திவிழ, கரையே சிரித்தது. மாரி சற்று ஓய்ந்திருந்த அந்த ஞாயிறு காலையில் உதயரூபன்தான் நுனியை வாங்கி இறுக்கி முடிந்தான். "இனி விழமாட்டாய் மருமகன்." கால்மணித்தியாலத்தில் கடல் எழும்பி வந்தது, சுனாமி. மற்றவர்கள் உதறிவிட்டு ஓடினார்கள்.

மூன்றாம் நாள் எடுத்த உடம்பில் முடிச்சு அப்படியே இருந்தது. கத்தியால்தான் அறுத்தார்கள். இது யார் போட்ட முடிச்சு என்று யசோதினி கேட்டாள். உதயரூபன் ஆட்களுக்குப் பின்னால் நகர்ந்தான். "நான்தான்," என்றார் தங்கராசா. அன்று முறிந்த பேச்சு. பிறகு சண்டைக்கு இடம்பெயர்ந்து ஒரே முகாமில் கிடந்தபோதும் அவள் அப்பாவின் கூடாரப்பக்கம் திரும்பியதில்லை.

யசோதினி பலகையை இறக்கினாள். ஒரு கல் சரிந்து உடைந்தது.

"அப்பா ஏன் தன்ட தலையில போட்டவர்?"

"புள்ள அப்பனோட எத்தின நாளைக்குக் கோவிக்கும், உன்னோடயெண்டா கடைசி மட்டும் கோவிக்கும் எண்டு எனக்குச் சொன்னார். நானும் நல்லதாப் போச்செண்டு இருந்திட்டன்."

"நாலரை வருசம் சித்தப்பா. முகாமில ஒரே தண்ணி வரிசையில நிண்டம். நீங்க வாயத் திறக்கல்ல."

"பயம். வேற ஒரு காரணமும் இல்ல."

"மறுகா இப்ப மட்டும் என்னத்துக்கு?"

"அண்ணன் போனா நான் சொல்லத் தேவையே வராது. என்னட்ட ஒருத்தரும் கேக்கப் போறதுமில்ல. அதுதான் வந்தன்."

அவள் குழித்தண்ணீரில் கையை நெடுநேரம் கழுவினாள். மண் போன பிறகும் கழுவினாள். பிறகு வந்து பின்னால் ஏறினாள். வழி முழுவதும் அவனைப் பிடிக்காமல் இருக்கைக் கம்பியையே பிடித்துக்கொண்டிருந்தாள்.

வீட்டில் பாய்போட்டு ஆட்கள் இருந்தார்கள். உதயரூபன் கட்டிலின் கால்மாட்டில் நின்று எல்லோருக்கும் கேட்கச் சொன்னான்: "அண்ணன், நிலோஜனுக்கு முடிச்சுப் போட்டது நானெண்டு புள்ளைக்குச் சொல்லிட்டன்."

புஸ்பத்துக்கும் அது புதுசு. அவள் கொழுந்தனின் முகத்தைப் பார்த்தாள், வெகுநேரம் பார்த்தாள். பிறகு பால் கோப்பையை மகள் பக்கம் நகர்த்தினாள்.

யசோதினி அப்பாவின் தலையைத் தன் கைமடிப்பில் ஏந்தினாள்.

"நான் இன்னொருக்காக் கேட்டிருக்கலாம் அப்பா. கேக்கல்ல."

கரண்டி சரிந்தது. தொண்டைக்குழி ஒருமுறை ஏறி இறங்கியது. அவள் கையை அவர் விரல்கள் தேடிப் பிடித்தன. கோப்பையில் பாதிப் பால் மிச்சமிருக்க, பின்னேரம் பள்ளிவாசலில் அசருக்குப் பாங்கு சொல்லும் நேரமளவில் தோள்கள் எழும்புவதை நிறுத்திக்கொண்டன.

குளிப்பாட்டி முடிந்ததும் கால் பெருவிரல் இரண்டையும் சேர்த்துக் கட்ட வேண்டும். யசோதினி வெள்ளைச் சீலையில் ஒரு கீற்றுக் கிழித்தாள். பக்கத்தில் நின்றவர் கையை நீட்டினார். அவள் அவருக்குக் கொடுக்கவில்லை.

"சித்தப்பா, நீங்க கட்டுங்க."

நாலரை வருடமாக உதயரூபன் கயிறு தொட்டதில்லை. கூலிக்கு மண் சுமந்தான், வேலி அடைக்க வேறு ஆள் பிடித்தான். கீற்றை வாங்கிச் சுற்றினான். ஒரு சுற்று, இன்னொரு சுற்று, முடிச்சுப் போடாமல் நுனியை வளைத்துச் செருகினான்.

யசோதினி குனிந்து நுனியைப் பிடித்து இழுத்தாள். ஒரே இழுவையில் கட்டு அவிழ்ந்து வந்தது.

அவள் கீற்றைக் கையால் நீவிச் சுருக்கம் எடுத்து, மறுபடியும் அவன் உள்ளங்கையில் வைத்தாள். அப்பாவின் பாதங்களை இரண்டு கையாலும் சேர்த்துப் பிடித்துக்கொண்டாள், இந்த முறை அவன் முடிச்சுப் போட்டுக் கட்டட்டும் என்று.